குருதிச் சிறுதட்டின் சான்று: ஒரு மதிப்பீடு

காலின் ஆழ்நாளத்தில் உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்து சென்று நுரையீரல் நாடியை அடைத்தல் திடீர் மரணத்துக்கு ஏதுவாகும். அடைப்புற்றோருள் எவர் பிழைப்பர் என்பதை முதல் நாளிலேயே அறிதல் கூடுமா?

கூடும் என்றனர் வார்சோ நகர மருத்துவர் சிலர். விரைவில் இறந்தோரிடத்துக் குருதிச் சிறுதட்டுக்களின் சராசரிப் பருமன் மிகுந்திருந்தது என்பது அவர் 2010 இல் வெளியிட்ட முடிபு. காரணமும் பொருத்தமானதே. சிறுதட்டுக்கள் உறைகட்டியிற் செலவாகுங்கால் என்புமச்சை புதியனவற்றை விரைந்து அனுப்பும். அவை பருமன் மிக்கவை. உறைதலை மிகுதியுந் தூண்டுபவை.

இம்முடிபை நெடுந்தீவிலிருந்து நோக்குவோமாக. அங்கு எடுத்த குருதியை யாழ்ப்பாணத்தில் அளக்க வேண்டுமாயின், அது குறிகட்டுவான் துறைவரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகிலும், பின்னர் புங்குடுதீவு, வேலணை வழியே தரையிலும் செல்லல் வேண்டும். காற்றுக் கடுத்தால் படகே புறப்படாது. குருதி உறையாதிருக்கக் குழாயில் இடப்படும் ஈ.டி.ரீ.ஏ. என்னும் பொருளோ சிறுதட்டுக்களை உருண்டு வீங்கச் செய்வது. முதல் ஓரிரு மணி நேரத்திலேயே அவ்வீக்கம் மிகுதி. ஆகவே யாழ்ப்பாணத்துக் கருவி அளப்பது நோயாளியின் ஆபத்தையா, படகின் தாமதத்தையா?

கடல் குறுக்கிடாத நகரத்திலும் இச்சான்று வலியதன்று. இறந்தோர் அளவும் பிழைத்தோர் அளவும் பெரிதும் ஒன்றன்மேலொன்று படிகின்றன. நீரிழிவும் பருமனைக் கூட்டும். கூட்டத்தின் சராசரியைக் கொண்டு ஒருவர் விதியை உரைத்தல் சோதிடத்தின் பாற்படும். ஐரோப்பிய இருதயவியற் சங்கத்தின் 2019 ஆம் ஆண்டு நெறிமுறை, ஆபத்தை வகுக்குங்கால் இதனைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அதே 2010 இல் சுருக்கி அமைக்கப்பட்ட வேறோர் அளவை ஆறே வினாக்களைக் கேட்கின்றது: வயது எண்பதைக் கடந்ததா, புற்றுநோய் உண்டா, நாட்பட்ட இதய நோயோ நுரையீரல் நோயோ உண்டா, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 110 ஐ எட்டியதா, குருதியமுக்கத்தின் மேலளவு 100 இற்குக் குறைவா, ஒட்சிசன் நிரம்பல் 90 வீதத்துக்குக் குறைவா? ஒன்றுக்கேனும் 'ஆம்' எனின் அவர் ஆபத்துக் குறைந்தவர் அல்லர். நோய் உறுதியானோர்க்கென வகுத்த அளவை இது என்பது மெய். உறுதிசெய்யும் படப்பிடிப்போ கடலுக்கு அப்பாலது. ஆயினும் இறுதி மூன்று குறிகளும் எந்நோயிலும் அஞ்சத்தக்கவை. அவற்றை நெடுந்தீவிலேயே, படகு வருமுன், காணலாம்.

சிறுதட்டை எண்ணவே வேண்டா என்பது எம் கருத்தன்று. ஹெப்பரின் ஏற்றத் தொடங்கி ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே அதன் தொகை பாதியாகக் குறையின் மருத்துவர் விழிப்படைதல் வேண்டும். அம்மருந்தே புதிய கட்டிகளைத் தோற்றுவித்தல் கூடும்.