கற்பிட்டிக் கரையில் கிரேக்கமும் எபிரேயமும்

கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டிக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலத்தோடு கிரேக்கமும் எபிரேயமும் அரபும் தெரிந்திருந்தன என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1834இல் ‘சிலோன் கசற்றியர்’, 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என, ஆய்வாளர்கள் இன்றும் புரட்டும் நூல்களைத் தந்தவர் அவர். எந்த மொழி எழுதவும் அவருக்கு ஒரே பேனா போதுமாக இருந்தது. இன்று அதே கரையில், சிலாபம் மறைமாவட்டத்துப் பங்கு ஒன்றிலிருந்து குருமடத்துக்குப் போகும் மாணவரின் மடிக்கணினியில் ஆங்கிலம், தமிழ், சிங்களம் மூன்றும் ஏற்கெனவே இடம்பிடித்திருக்கும். விவிலியத்தை மூலமொழியில் படிக்கத் தொடங்கியதும் இன்னும் இரண்டு சேரவேண்டும். விண்டோஸ் 11 அதற்கு எவ்வளவு தூரம் ஒத்துழைக்கிறது?

நிறுவுவது சுலபம். செட்டிங்ஸ் போய், நேரமும் மொழியும் என்ற பகுதியில் ‘மொழியைச் சேர்’ என்பதை அழுத்திக் கிரேக்கத்தையும் ஹீப்ருவையும் தேர்ந்தால் ஆயிற்று. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: பேச்சு, கையெழுத்து, மொழிப் பொதி என்று விண்டோஸ் தானாகவே சரிபோட்டு வைத்திருக்கும் பெட்டிகளை எடுத்துவிடலாம். தட்டச்சுக்கு அவை தேவையில்லை. கைபேசி டேட்டாவில் இணையம் பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

எழுத்து ஒட்டிய ஸ்டிக்கர் வாங்கவும் வேண்டாம். விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ‘ஓ’ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு விசைப்பலகை விரியும். மொழியை மாற்றினால் அதன் எழுத்துகளும் மாறும். கை பழகும்வரை அதைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

கிரேக்கம் ஆங்கிலம் தெரிந்த விரலுக்கு விரைவில் வசப்படுகிறது. இலங்கைக்குத் தொலமி எழுதிய ‘தப்ரொபனே’ என்ற பெயரை அடித்துப் பார்த்தால் இது விளங்கும். தௌவுக்கு ‘ரீ’, ஆல்பாவுக்கு ‘ஏ’, பைக்கு ‘பீ’ என்று ஒலிக்கு ஒலி விசைகள் பொருந்துகின்றன. கடைசியில் வரும் ஈற்றாவுக்கு ‘எச்’. எழுத்தின் வடிவத்தைப் பார்த்தால் காரணம் புரியும். அசையழுத்தக் குறி வேண்டுமானால் முதலில் அரைப்புள்ளி விசை, பிறகு உயிரெழுத்து. இடறும் இடங்கள் சிலவே: தீற்றா ‘யூ’வில், ப்சை ‘சீ’யில், ஓமேகா ‘வீ’யில் உட்கார்ந்திருக்கின்றன. சொல்லின் இறுதியில் வரும் சிக்மாவுக்கு ‘டபிள்யூ’ என்று தனி விசை.

ஆனால் இது இன்றைய ஏதென்ஸ்காரருக்கான விசைப்பலகை. கிரேக்க அரசு 1982இல் பழைய உச்சரிப்புக் குறிகளைக் கைவிட்டு ஒற்றைக் குறிக்கு மாறிவிட்டது. புதிய ஏற்பாட்டுக்கோ பிளேட்டோவுக்கோ அது போதாது. வில்பத்துக் காட்டின் கடலோரம் நிற்கும் குதிரைமலையை எடுத்துக்கொள்ளலாம். உரோமர் அன்னியுஸ் புளோகாமுஸின் விடுதலைபெற்ற அடிமை ஒருவர் அரபுக் கரையில் காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் ‘ஹிப்புரோஸ்’ துறைமுகத்தில் ஒதுங்கினார் என்று பிளினி எழுதுகிறார். அந்தத் துறை குதிரைமலைதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அந்தப் பெயரைக் கிரேக்கத்தில் எழுதினால் தொடக்கத்திலுள்ள ‘ஹ’ ஒலிக்கு எழுத்தே கிடையாது. உயிரெழுத்தின் தலையில் ஏறும் மூச்சுக்குறிதான் அந்த ஒலி. சாதாரணக் கிரேக்க விசைப்பலகையில் இந்தக் குறி இல்லை.

ஆகவே கிரேக்க மொழியின் விருப்பங்களுக்குள் போய் ‘கிரீக் பொலிடோனிக்’ என்பதைத் தனியாகச் சேர்க்கவேண்டும். விண்டோஸ் இதைத் தானாக முன்வந்து காட்டுவதில்லை. பலர் பாதி வழியில் திரும்பிவிடுவது இங்கேதான். சேர்த்தபின் ஒற்றை மேற்கோள் குறி மென்மூச்சாகவும் இரட்டை மேற்கோள் குறி வன்மூச்சாகவும் மாறுகின்றன. குறியை அழுத்தும்போது திரையில் ஒன்றும் நடக்காது. அடுத்து உயிரெழுத்தை அடித்ததும் இரண்டும் சேர்ந்து விழும். மூச்சும் அழுத்தமும் ஒன்றாக வரும் எழுத்துகளுக்கு வேறு விசைகள். இவை மனதில் நிற்கக் காலம் எடுக்கும்.

எபிரேயம் வேறு கதை. இங்கே விரல் ஒலியைத் தேடிப் போனால் ஏமாறும். தொடக்கநூலின் முதற்சொல் ‘பெரேஷித்’. அதற்கு ‘சீ’, ‘ஆர்’, ‘ரீ’, ‘ஏ’, ‘எச்’, அதன்பின் காற்புள்ளி விசை. ‘ஆர்’ மட்டுமே ஒலிக்குப் பொருந்துகிறது, அதுவும் தற்செயலாக. கடைசி எழுத்தான தௌ காற்புள்ளி விசையை எடுத்துக்கொண்டதால் காற்புள்ளி மேற்கோள் விசைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. எழுத்துகள் 22, அவற்றில் ஐந்துக்குச் சொல்லிறுதி வடிவமும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி விசை.

உயிர்க்குறிகள் வேண்டுமென்றால் பட்டியலில் ‘ஹீப்ரு (ஸ்டாண்டர்ட்)’ என்பதைத் தேர்வதே நல்லது. அதை வடிவமைத்தவரைப் பாராட்டவேண்டும். பெரும்பாலான குறிகள் தம் பெயரின் முதலெழுத்து இருக்கும் விசையிலேயே கிடைக்கின்றன: பத்தா வேண்டுமா, வலப்பக்க ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு பே, காமெட்ஸுக்குக் கோஃப், செகோலுக்குச் சாமெக். எழுத்துகளின் இடம் தெரிந்துவிட்டால் குறிகளுக்கென்று புதிதாக அதிகம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கிரேக்கப் பொலிடோனிக்கில் இந்த ஒழுங்கு இல்லை.

தொல்லை தொடங்குவது வலமிருந்து இடம் ஓடும் வரியில்தான். புத்தளம் மத்ரஸாக்களில் அரபு ஓதியவருக்கு இந்தத் திசை பழக்கம். மற்றவருக்கு வேர்டில் முதல் நாள் தலை சுற்றும். தமிழ் வாக்கியத்துக்கு நடுவே எபிரேயச் சொல்லை அடித்து, உடனே 1:1 என்று போட்டால் எண் சொல்லுக்கு இடப்பக்கம் தாவிவிடும். கணினி பிழை செய்யவில்லை. எபிரேயத்தைத் தொடரும் எண்ணை அந்த ஓட்டத்தின் பகுதியாகவே அது எடுத்துக்கொள்கிறது. எண்ணுக்கு முன் ‘தொடக்கநூல்’ என்று ஒரு தமிழ்ச்சொல்லைப் போட்டால் எல்லாம் தன் இடத்துக்குத் திரும்பும். பத்தி முழுவதும் எபிரேயமென்றால் கண்ட்ரோலையும் வலப்பக்க ஷிஃப்டையும் அழுத்தலாம். இடப்பக்க ஷிஃப்ட் பழையபடி மாற்றிவிடும்.

ஐந்து மொழிகள் வரிசையில் நிற்கும்போது விண்டோஸ் விசையோடு இடைவெளிப் பட்டையை அழுத்தி ஒவ்வொன்றாகத் தாண்டுவது சலிப்பு. மேம்பட்ட விசைப்பலகை அமைப்பில் மொழிக்கொரு குறுக்குவிசை கொடுக்க முடியும். இந்த வசதியை ஏன் இத்தனை ஆழத்தில் ஒளித்துவைத்தார்களோ தெரியவில்லை.

எழுத்துரு விஷயத்தில் இலங்கைத் தமிழருக்கு அதிகம் விளக்க வேண்டாம். பாமினியில் அடித்த கட்டுரை இன்னொரு கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் திறந்த அனுபவம் இல்லாதவர் குறைவு. கிரேக்கத்துக்கும் அப்படிப்பட்ட போலி எழுத்துருக்கள் ஒரு காலத்தில் புழங்கின. பழைய இறையியல் கோப்புகளில் இன்னும் அவை தலைகாட்டும். புதிதாக எழுதுபவர் யுனிகோடிலேயே தொடங்கிவிடவேண்டும். விவிலிய ஆய்வாளர்களுக்கென்று உருவான எஸ்.பி.எல். ஹீப்ரு, எஸ்.பி.எல். கிரீக் எழுத்துருக்கள் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். புள்ளிகளும் ஓதற்குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கின்றன.

விண்டோஸின் விசை ஒழுங்கு பிடிக்காதவருக்கு எஸ்.ஐ.எல். நிறுவனத்தின் இலவசச் செயலியான கீமேன் இருக்கிறது. விண்டோஸ், மேக், அன்ட்ரொய்ட், ஐபோன் எல்லாவற்றிலும் ஓடுகிறது. ஆனால் ஒரு பாடத்துக்காக நாலு வரி அடிப்பவருக்கு விண்டோஸ் தருவதே தாராளம். நீண்ட ஆய்வேடு எழுதுபவர் மட்டும் கீமேனைப் பார்க்கலாம்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் இத்தனை ஏற்பாடு. புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்களின் முன்னோர் எழுதிய அரபுத் தமிழுக்கு? ப, ட, ங போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் கூடுதல் புள்ளிகள் இட்டு அமைத்த எழுத்துமுறை அது. சீறாப்புராணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிய காசிச்செட்டியின் அயலவர்கள் கையாண்டது. அதற்கான எழுத்துகள் சில 2015இல் வெளிவந்த யுனிகோட் 8.0இல் தான் இடம்பெற்றன. விண்டோஸின் விசைப்பலகைப் பட்டியலில் அரபுத் தமிழ் இன்னும் இல்லை. சாதாரண அரபு விசைப்பலகையில் அந்தப் புள்ளியெழுத்துகள் கிடைக்காது. ஷெஹரஸாத் நியூ என்ற இலவச எழுத்துரு அவற்றைக் காட்டும். கீமேன் டெவலப்பர் என்ற இலவசக் கருவியில் யாரும் சொந்தமாக விசைப்பலகை அமைக்கலாம். எந்த எழுத்துக்கு எந்த விசை என்பதை அரபும் தமிழும் தெரிந்த புத்தளத்துக்காரர் சிலர் உட்கார்ந்து தீர்மானிக்கவேண்டியதுதான் பாக்கி.