மலையேறும் பழைய ஸ்ப்ளெண்டர்: குறை செயினிலா, காற்றிலா?

1994இல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் சேலத்துத் தெருக்களில் இன்றும் சளைக்காமல் ஓடுகிறது. 97.2 சிசி, நாலு கியர். ஏற்காட்டு அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போதுதான் அதன் உண்மையான வயது தெரிகிறது. ஓட்டிப் பார்த்தது பல கைகள் மாறிய பழைய வண்டி. இன்ஜினின் இடப்பக்கம் ஒரு சலசலப்பு.

"டைமிங் பெல்ட் போயிடுச்சா?" என்று சிலர் கேட்பார்கள். இதில் பெல்ட்டே இல்லை. பழைய ஹோண்டா கோல்டு விங், டுகாட்டி பேன்டா போன்ற வண்டிகளில்தான் ரப்பர் பெல்ட். ஸ்கூட்டரில் இருப்பது பின்சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் பெல்ட், அதன் கதை வேறு. ஸ்ப்ளெண்டருக்கு டைமிங் செயின். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும்படி பிடித்து வைப்பது அதன் வேலை.

முதலில் காது. டேப்பெட் சத்தம் சீராக 'டிக் டிக்' என்று கேட்கும். செயின் தொய்ந்தால் ஐடிலிங்கில் 'கரகர'வென்று இருக்கும், ஆக்சிலேட்டரைத் திருகினால் அடங்கும், விட்டதும் திரும்ப வரும். இந்த வண்டியில் கேட்டது இரண்டாவது வகை. அடுத்தது ஆயில். ஒரு லிட்டருக்குள் அடங்கும் அந்த ஆயில்தான் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் கம்பியின் அதிர்வையும் தாங்குகிறது. ஆயில் சரியாக இருந்தால் டென்ஷனரைக் கழற்ற வேண்டியதுதான்: உள்ளே ஸ்பிரிங், கம்பி, அதன் நுனியில் ரப்பர். பல வண்டிகளில் தேய்ந்திருப்பது அந்தச் சின்ன ரப்பர்தான். செயினை மட்டும் புதிதாகப் போட்டு ரப்பரையும் ரோலரையும் பழையதாகவே விடுவது பணத்துக்குக் கேடு.

வண்டி இழுக்கவில்லை, ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்றால் டைமிங் குறியைப் பார்க்க வேண்டும். பிளைவீலை இடப்பக்கமிருந்து பார்த்து இடஞ்சுழியாகத் திருப்பி 'டி' குறியைக் கவரில் உள்ள கோட்டோடு சேர்த்தால், கேம் பல்சக்கரத்தின் குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேரே நிற்க வேண்டும். தள்ளி நின்றால் செயின் பல் தாண்டிவிட்டது.

மலையில் ஏமாறுவது இங்கேதான். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் அடிவாரத்தைவிடக் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலை அதே தாராளத்தோடு விடும். பிளக் கறுக்கும், இழுவை குறையும். அதைக் கண்டு இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. ஆகவே இழுவைச் சோதனையை அடிவாரத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. அங்கேயே மந்தமாக இருந்தால்தான் செயினைச் சந்தேகிக்கலாம்.

இந்த வண்டிக்குக் கீழே இழுவை நன்றாகவே இருந்தது, குறியும் சரியாக நின்றது. டென்ஷனர் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் மாற்றினால் தாராளமாக வாங்கலாம். குறி தப்பிய வண்டியாக இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும், செயின், ரப்பர், ரோலர் எல்லாவற்றையும் செட்டாக மாற்றிக் கொடுத்த பிறகே பேரத்துக்கு உட்காருங்கள்.