தற்புகழ்ச்சியும் தொடர்கதையும்: சுஜாதாவின் ‘விக்ரம்’ நாவலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படத்தோடு இணைத்து எழுதப்படும் அறிவியல் நாவல், ஆசிரியர் தம் பெயரைக் கொண்டே தம் படைப்பைப் பரிந்துரைக்கும் வடிவமாகும். சுஜாதாவின் ‘விக்ரம்’ நாவலை நன்னூலின் பாயிர விதியோடும் ஐசக் அசிமோவின் அனுபவத்தோடும் வைத்து நோக்கி, இலக்கிய வரலாற்றில் அதற்குத் தரப்பட்டுள்ள இடத்தை இக்கட்டுரை மறுஆய்வு செய்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைகதை, இணைநாவல், பாயிரம், தற்புகழ்ச்சி, வார இதழ்

நன்னூலின் விதியும் விலக்கும்

புலவன் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என விதித்த பவணந்தி முனிவர், அடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களில் அதற்கு விலக்களிக்கிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதாரிடத்தும், அவையில் வெல்ல வேண்டிய பொழுதும், மாற்றார் தன்னைப் பழித்தபோதும் தற்புகழ்ச்சி குற்றமாகாது. நூலைப் பிறர் போற்றும் சிறப்புப்பாயிரம் ஏன் பிறரால் செய்யப்பட வேண்டும் என்பதற்கும் இவ்விதியே அடிப்படை. அச்சுக் காலத்தில் அணிந்துரையும் மதிப்புரையும் அந்த வேலையை ஏற்றன. வார இதழ்த் தொடர்கதைக்கோ இவ்விரண்டும் இல்லை. முதல் வாரத்தில் வாசகர் முன் நிற்பது ஆசிரியரின் பெயர் மட்டுமே. அப்பெயரே பரிந்துரை.

சந்தையில் தன் சரக்கைத் தானே புகழ்பவரை எவரும் குறைகூறுவதில்லை. பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய குந்தாரப்பள்ளி வாரச்சந்தையில் ஆட்டின் பெருமையை விற்பவரே பேசுவார். வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்த்த பின்னரே விலைக்கு வருவார். தொடர்கதை வாசகருக்கு அந்த வாய்ப்பு வாரந்தோறும் தவணை முறையில்தான் கிட்டுகிறது. இன்னும் வெளிவராத திரைப்படத்தின் தொடர்கதையாயின், பார்க்கப் பல்லே இல்லை.

‘விக்ரம்’: எது முன், எது பின்?

ராஜசேகர் இயக்கத்தில், கமல்ஹாசன் தயாரித்து நடித்த ‘விக்ரம்’ 1986-இல் வெளியானது. கடத்தப்பட்ட ‘அக்னிபுத்ரா’ ஏவுகணையை உளவு அதிகாரி ஒருவர் கணினிப் பொறியாளர் பெண்ணின் துணையோடு சலாமியா என்னும் கற்பனை நாட்டில் தேடிச் செல்வது கதை. திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே சுஜாதா இக்கதையைக் குமுதத்தில் தொடராக எழுதினார். பின்னர் அது நூலாயிற்று. ஆகவே ‘காயத்ரி’ (1977), ‘ப்ரியா’ (1978) ஆகியவற்றோடு ‘விக்ரம்’ படத்தையும் ‘திரைப்படமாக்கப்பட்ட சுஜாதா நாவல்கள்’ என்ற பட்டியலில் சேர்ப்பது பொருந்தாது. முன்னிரண்டில் நாவல் தனித்து நின்று வாசகரைப் பெற்றது. திரைத்துறை அதனைத் தேடி வந்தது. ‘விக்ரம்’ நாவலோ திரைப்படத்திற்குக் கட்டியம் கூறியது. ஆய்வேடுகளுக்குக் காலவரிசையை மட்டும் தரும் பட்டியல்கள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

இத்தகைய மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1966-இல் வெளியான ‘ஃபென்டாஸ்டிக் வாயேஜ்’ திரைப்படத்தின் திரைக்கதையை நாவலாக்கித் தருமாறு அசிமோவ் கேட்டுக்கொள்ளப்பட்டார். அவர் விரைந்து எழுதியதால் நாவல் படத்திற்கு முன்பே வெளிவந்தது. நாவலே படமாயிற்று என்று பலரும் நம்பினர். அவரோ வெறும் பிரதியெடுப்பாளராக இருக்கவில்லை. நோயாளியின் உடலுக்குள் நுண்வடிவில் சென்ற நீர்மூழ்கிக் கலத்தை உள்ளேயே விட்டுவிட்டால், அது மீண்டும் பேருருவெடுத்து அவரைக் கொன்றுவிடும் அல்லவா? திரைக்கதை கவனியாது விட்ட இவ்விடத்தை நாவலில் திருத்தினார். அப்படியும் அதனைத் தமது சொந்தப் படைப்பாக அவர் முழுமனத்தோடு ஏற்கவில்லை. 1987-இல் அதே பொருளைத் தம் விருப்பப்படி இரண்டாம் முறை எழுதினார். தம் படைப்புகளைப் பற்றிப் பேசத் தயங்காத அசிமோவ், இணைநாவல் ஒன்றைத் தள்ளி வைத்த இச்செயல், ஆசிரியரின் பரிந்துரையே திறனாய்வாக மாறும் அரிய தருணம் எனலாம்.

சுஜாதாவுக்குப் பொருந்தும் விலக்கு எது?

பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா, ‘ஏன்? எதற்கு? எப்படி?’ போன்ற பகுதிகளின் வழியே அறிவியலைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசென்றவர். அறிவியல் புனைகதைக்குத் தமிழில் பழகிய வாசகக் கூட்டம் இல்லாத நிலையில், தம் துறையறிவையே சான்றாக முன்வைத்து அவர் எழுதியது பவணந்தியார் கூறும் இரண்டாம் விலக்கினுள் அடங்கும். ஆற்றலை உணராதார் முன் ஆற்றலைக் காட்டியாக வேண்டும்.

‘விக்ரம்’ அவ்விலக்கினுள் வாராது. 1986-இல் அவர் பெயரை அறியாத வார இதழ் வாசகர் அரிது. அறிவியல் நம்பகம் என்னும், பல ஆண்டுகளில் ஈட்டிய முதலை, ஒரு திரைப்படம் இங்கே கடனாகப் பெற்றுக்கொள்கிறது. அதன் விளைவைப் பிரதியிலேயே காணலாம். அதே காலப்பகுதியில் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘என் இனிய இயந்திரா’ நாவலில் அறிவியல் ஓர் ஆட்சிமுறை: பெயரின் நீளம், குழந்தை பெறும் உரிமை, வாழ்நாளின் எல்லை யாவும் அரசின் கணக்கில் உள்ளன. ஜீனோ என்னும் இயந்திர நாய் நூல்களைப் படித்துப் படித்துத் தானே சிந்திக்கத் தொடங்குகிறது. ‘விக்ரம்’ நாவலில் அறிவியல் களவு போகும் ஒரு பொருள். ஏவுகணைக்குப் பதில் வைரமோ சிலையோ களவு போயிருந்தாலும் துரத்தல் மாறாது. கணினி தெரிந்த பெண் பாத்திரம் மட்டுமே இதற்கு ஓரளவு விதிவிலக்கு. அவளையும் கதை பெரும்பாலும் உடன்செல்பவளாகவே பயன்படுத்துகிறது.

எனினும் ‘வணிக எழுத்து’ என்று ஒதுக்கிவிடுவது எளிய வழி. பல்கலைக்கழகத் திறனாய்வு அவ்வழியையே நெடுங்காலம் விரும்பியிருக்கிறது. இந்தியாவின் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் 1983-இல் தொடங்கியது. அக்னி முதன்முதலாக விண்ணில் பாய்ந்தது 1989 மே 22-இல். இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ‘அக்னிபுத்ரா’ என்ற பெயரோடு ஏவுகணையைப் பற்றிய அச்சத்தையும் பெருமிதத்தையும் வெகுசன வாசகருக்கு அறிமுகம் செய்த பிரதி இது. சிறந்த நாவல் என்பதற்காக அன்று, இதற்காகவே அதனைப் படிக்க வேண்டியுள்ளது.

2022-இல் லோகேஷ் கனகராஜ் இயக்கிய ‘விக்ரம்’ அப்பெயரையும் பாத்திரத்தையும் மீட்டெடுத்த பின், பழைய நாவலை ‘மூலம்’ என்று சுட்டும் வழக்கத்திற்கு இன்னும் வலுக் கூடும். அதனைச் சரிபார்க்க நூற்பதிப்பு போதாது. குமுதத் தொடரின் ஒவ்வோர் இதழையும் 1986 திரைப்படத்தின் காட்சி வரிசையோடு ஒப்பிட்டு, திரைக்கதையின் எந்த ஓட்டையை நாவலாசிரியர் அடைத்தார், எதனை அப்படியே விட்டார் என்று காணுதல் வேண்டும். அசிமோவின் நீர்மூழ்கிக் கலத்திற்கு இணையான ஓர் இடம் ‘விக்ரம்’ நாவலில் கிடைக்குமாயின், அவ்விடத்தில் எழுதியவர் சுஜாதா. ஏனைய இடங்களில் அவர் பெயர்.