எல்லாவற்றுக்கும் ஒரே கைப்பிடி

பெர்ல் மொழியில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஐஓ::ஹேண்டில்’ வகுப்பு. வட்டில் கிடக்கும் கோப்பு, இன்னொரு நிரலோடு பேசும் பைப், தொலைதூரக் கணினிக்குப் போகும் சாக்கெட்: உள்ளே மூன்றும் வேறு வேறு. ஆனாலும் மூன்றிடமும் ‘பிரிண்ட்’, ‘கெட்லைன்’, ‘குளோஸ்’ என்றே சொல்லலாம். அறிக்கை எழுதும் சப்ரூட்டீனுக்குக் கைப்பிடியைக் கொடுத்தால் போதும். எழுத்து எங்கே போய்ச் சேர்கிறது என்று அது கேட்பதில்லை. 2002இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து நினைவகத்தில் உள்ள ஸ்ட்ரிங்கையே கோப்பாகத் திறக்கலாம். சோதனை எழுதுகிறவருக்கு எவ்வளவு நிம்மதி!

எல்லாவற்றையும் பொதுவாக்காமல் விட்டதுதான் இன்னும் அழகு. முன்னும் பின்னும் நகரும் ‘சீக்’ வசதியை ‘ஐஓ::சீக்கபிள்’ என்று தனியே வைத்தார்கள். கோப்புக்கான ‘ஐஓ::ஃபைல்’, ‘ஐஓ::ஹேண்டில்’ ‘ஐஓ::சீக்கபிள்’ இரண்டிலிருந்தும் பெறுகிறது. சாக்கெட்டில் வந்துபோன பைட்டுக்குத் திரும்ப முடியாது. அதனால் ‘ஐஓ::சாக்கெட்’ அந்த ‘சீக்’ வசதியை வாங்கிக்கொள்வதே இல்லை.