பறவைக்கு முன் வரும் கோபம்

வீடற்றவர்களைப் பற்றி மாணவர்களுக்குப் புரியவைக்கக் குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்களைப் பயன்படுத்துவது அமெரிக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. ஆசிரியர் படங்களைக் காட்டிக்கொண்டே வாசிக்கிறார். முடிந்ததும் கேள்விகள். அதன் பிறகு டின் உணவோ பழைய கம்பளியோ சேகரித்துக் கொடுக்கும் காரியம். எல்லாம் நல்ல எண்ணத்தில் நடப்பதுதான். படைப்பை நல்ல எண்ணத்தின் கையில் ஒப்படைத்தால் அது என்ன கதிக்கு ஆளாகும் என்று நம் சிறுபத்திரிகைகளில் வேண்டிய மட்டும் சண்டை போட்டாயிற்று. அந்தச் சண்டையைக் குழந்தைப் புத்தகம் வரை யாரும் கொண்டுபோகவில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

ஈவ் பன்ட்டிங் எழுதி ரொனால்ட் ஹிம்லர் படம் வரைந்த 'ஃப்ளை அவே ஹோம்' 1991ல் வெளிவந்தது. கால் மணி நேரத்தில் வாசித்துவிடலாம். ஆண்ட்ரூ என்கிற சிறுவனும் அவன் அப்பாவும் ஒரு விமான நிலையத்தில் வசிக்கிறார்கள். அம்மா இல்லை, இறந்துவிட்டாள். கதை சொல்பவன் பையன். அங்கே வசிப்பதற்கு ஒரே ஒரு விதி: யார் கண்ணிலும் படக்கூடாது. அதற்காக இருவரும் நீல உடுப்பு உடுத்துகிறார்கள்; உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள்; ஒரே கம்பெனிப் பகுதியில் தொடர்ந்து இரவு தங்குவதில்லை. கண்ணில் பட்டவர்கள் வெளியேற்றப்படுவதைப் பையன் பார்த்திருக்கிறான். அப்பாவுக்கு வார இறுதியில் மட்டும் ஒரு ஆபீசைக் கூட்டிப் பெருக்கும் வேலை. பையன், பிரயாணிகள் விட்டுப்போன சாமான் வண்டிகளைத் தள்ளிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துக் காசு சேர்க்கிறான். சேர்த்ததை ஷூவுக்குள் வைத்துக்கொள்கிறான். பாங்க் கௌண்ட்டரில் உட்கார்ந்து பிழைக்கிற எனக்கு இந்த ஷூ லேசில் கடந்துபோகிற விவரமாக இல்லை. முகவரிக் கட்டம் காலியாக வருகிற படிவத்தை என் மேஜை மேலே நகரவிடாது.

பன்ட்டிங்கின் உரைநடையும் கண்ணில் படாமல் இருக்கிற உரைநடைதான். சின்னச் சின்ன வாக்கியங்கள். அழுகை இல்லை, உவமை அதிகம் இல்லை. ஹிம்லரின் நீர்வண்ணமும் அடங்கிய சாயலில், முகங்களைப் பெரிதாக்காமல், கூட்டத்துக்குள் இவர்களைக் கரைத்துவிடுகிறது. உருவமும் உள்ளடக்கமும் ஒன்றாகிவிட்டன என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிற வாக்கியம் இந்த ஒரு புத்தகத்துக்கு நிஜமாகவே பொருந்துகிறது.

பையன் சொல்கிற விவரங்களில் ஒரு பறவையும் வருகிறது. கட்டிடத்துக்குள் மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் மோதி விழுந்து, ஒரு இறக்கையை இழுத்துக்கொண்டு நாள் கணக்கில் பறந்து, கடைசியில் தானாக நகரும் கதவு திறந்திருந்த ஒரு கணத்தில் வெளியே நழுவிப் போய்விடுகிறது. வகுப்பறை ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வது இந்தப் பறவையைத்தான். பறவை எதன் குறியீடு? நம்பிக்கையின் குறியீடு. எழுதிக்கொள்ளலாம், மார்க் போட்டுவிடலாம்.

ஆனால் பறவையைப் பையன் கடைசியில் நினைத்துக்கொள்வதற்கு முன்னால் வேறொன்று நடக்கிறது. ஊரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள், அவர்களைக் கட்டிக்கொள்கிறவர்கள், வீட்டுக்குப் போகிறார்கள் என்கிற அந்த ஒரு விஷயம் — பார்த்துக்கொண்டிருக்கிற பையனுக்குக் கோபம் வருகிறது. ஓடிப்போய் அவர்களைத் தள்ளிவிட வேண்டும், உங்களுக்கு மட்டும் எப்படி என்று கத்த வேண்டும் என்று இருக்கிறது. கண்ணில் படாமல் இருப்பதையே தொழிலாகக் கொண்ட பையன் கண்ணில் பட விரும்பும் ஒரே இடம் இது. அந்தக் கேள்வி விமானப் பிரயாணிகளைக் கேட்டது அல்ல. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற, சாயங்காலம் வீட்டுக்குப் போகப்போகிற எல்லோரையும் கேட்டது. ஆசிரியரையும் சேர்த்து. இதற்கு வகுப்பில் சொல்லத்தக்க பதில் கிடையாது என்பதால்தான் பறவை இவ்வளவு உதவியாக இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

தவிர, பறவை சரியான உவமையும் இல்லை. பறவைக்கு வேண்டியது வெளியே போவது. பையனுக்கு வேண்டியது உள்ளே போவது, ஒரு கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொள்வது. வீடு என்ற சொல்லுக்கு விடுதலை என்றும் அர்த்தம் வைத்திருக்கிற பாஷைக்காரன் நான். இந்த இடத்தில் வேதாந்தமாக வழுக்கி விழ எனக்கு எல்லா வசதியும் உண்டு. பன்ட்டிங்குக்கு இந்தப் பொருந்தாமை தெரிந்தேதான் இருந்திருக்கும். தலைப்பை எடுத்தது பழைய குழந்தைப் பாட்டிலிருந்து. அந்தப் பாட்டில் பூச்சி பறந்துபோக வேண்டிய வீடு தீப்பற்றி எரிந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு விவரம். அடுத்த கோடைக்குப் பிறகு ஆண்ட்ரூ பள்ளிக்கூடம் போக வேண்டும். எப்படி என்று அவன் கேட்கிறான். அப்பாவுக்குத் தெரியவில்லை, எப்படியாவது போயாக வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கப்படும் இந்தப் புத்தகத்தின் பதில் கிடைக்காத கேள்வி, பள்ளிக்கூடத்துக்கு எப்படி வருவது என்பது! வீடற்ற குழந்தைகளுக்குப் பள்ளியில் இடம் மறுக்கக்கூடாது என்பதற்கு 1987ல் அங்கே மெக்கின்னி பெயரால் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பள்ளிகள் வருஷந்தோறும் கணக்கெடுக்கும் வீடற்ற மாணவர்கள் இன்று 10 லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தெருவில் தூங்குகிறவர்கள் இல்லை. வாடகை கொடுக்க முடியாமல் சொந்தக்காரர் வீட்டிலோ சிநேகிதர் வீட்டிலோ ஒண்டிக்கொண்டிருப்பவர்கள். மோட்டல் அறையில், காரில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது.

ருடின் ஸிம்ஸ் பிஷப் 1990ல் எழுதிய ஒரு சிறு கட்டுரை அங்கே வேதவாக்கு. குழந்தைக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், ஜன்னலாகவும் இருக்க வேண்டும், நகரும் கண்ணாடிக் கதவாகவும் இருக்க வேண்டும் என்றார். கறுப்பினக் குழந்தைகள் தங்கள் முகத்தைப் புத்தகங்களில் காணாமல் வளர்ந்ததை முன்னிட்டுச் சொன்னது. வீடின்மைப் பாடத்தில் எல்லோரும் ஜன்னலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். வீடில்லாமல் போனால் உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்கப்படும்போது வகுப்பு முழுவதும் வீட்டுக்குள் இருப்பதாகத் தீர்மானமாகிவிடுகிறது. நேற்று இரவு காரில் தூங்கிய பெண் அந்தக் கேள்விக்கு என்ன எழுதுவாள்? மற்றவர்களைப் போலக் கற்பனை செய்து எழுதுவாள். ஆண்ட்ரூவின் நீல உடுப்பு அதுதான்.

எல்லாப் புத்தகமும் பன்ட்டிங் இல்லை. நேட்டலி ஸாவேஜ் கார்ல்ஸனின் 'தி ஃபேமிலி அண்டர் தி பிரிட்ஜ்' 1958ல் வந்தது. பாரிஸ் பாலத்தடிக் கிழவர் குழந்தைகளிடம் மனம் இளகி, காவல்காரர் வேலையும் அதோடு குடியிருக்க இடமும் பெற்றுவிடுகிறார். வாடகை என்ற பிரச்சினை ஒரு நல்ல மனத்தால் தீர்ந்துபோகிறது. பாடத்துக்கு அம்சமானது. ஃபெலிஸ் ஹோல்மனின் 'ஸ்லேக்ஸ் லிம்போ' (1974) வேறு ஜாதி. நியூயார்க் சுரங்க ரயிலடியில் 121 நாள் பதுங்கிக்கிடக்கும் 13 வயதுப் பையனை நல்லவனாக்கவோ பரிதாபமாக்கவோ ஹோல்மன் மெனக்கெடுவதில்லை. பிரயாணிகள் போட்டுவிட்டுப்போன பேப்பரை அவன் மறுபடி எப்படி விற்கிறான் என்பதில்தான் அவர் கவனம்.

மாரிஸ் ஸென்டாக்கின் 1993 புத்தகம், 'வீ ஆர் ஆல் இன் த டம்ப்ஸ் வித் ஜாக் அண்ட் கை', எந்தப் பாடத்திட்டத்துக்கும் அடங்காது. அட்டைப் பெட்டிகளில் குழந்தைகள், உடம்பில் போர்த்தியது நியூஸ்பேப்பர், அந்தப் பேப்பர்களில் அச்சாகியிருக்கிற தலைப்புகளைப் பெரியவர்கள்தான் கூர்ந்து வாசிக்க வேண்டும். பூனைக்குட்டிகளையும் ஒரு சின்னப் பையனையும் பணயம் வைத்து எலிகள் சீட்டாடுகின்றன. நிலா இறங்கி வருகிறது. என்ன கேள்வி கேட்பது? கேட்காமல் வாசித்துக் காட்டுகிற ஆசிரியர்கள் இருப்பார்கள். அவர்களைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

பன்ட்டிங்கைத் தமிழில் கொண்டுவர யாருக்காவது தோன்றினால், சிறுவனின் கோபத்தை 'வருத்தம்' என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம். பின்பக்கத்தில் பயிற்சி வினாக்களும் வேண்டாம்.