சிமி தீவின் இரு நினைவுச் சின்னங்கள்: ஒரு மதிப்பீடு

கிரேக்க நாட்டின் தென்கிழக்கே, துருக்கிக் கரையை ஒட்டி அமைந்துள்ள சிறு தீவு சிமி. இதன் பரப்பளவு ஏறத்தாழ 58 சதுர கிலோமீட்டர். கப்பல் கட்டுவதற்கும் கடற்பஞ்சு எடுப்பதற்கும் பெயர் பெற்ற ஊர். இரண்டாம் உலகப் போரை நினைவுகூரும் சின்னங்கள் இரண்டு இங்கு உள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது ஒன்று. மற்றதைத் தேடிச் செல்வோர் குறைவு.

வரலாற்றுப் பின்னணி

சிமி உள்ளிட்ட பன்னிரு தீவுகள் 1912 முதல் இத்தாலியர் வசம் இருந்தன. 1943 செப்டம்பரில் இத்தாலி போரிலிருந்து விலகிய பின், அவை ஜெர்மானியர் கைக்குப் போயின. 1945 மே 8 அன்று, ஜெர்மானியத் தளபதி ஓட்டோ வாகெனர் சிமியில்தான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். தீவுகள் உடனே கிரேக்கத்துடன் சேர்ந்துவிடவில்லை. 1947 வரை பிரித்தானிய இராணுவ நிர்வாகம் நீடித்தது. முறையான இணைப்பு 1948 மார்ச்சில்தான் நடந்தது.

துறைமுகத்துக் கப்பல்

யாலோஸ் துறைமுகக் கரையில், பாறையிலேயே பழங்காலத் துடுப்புப் போர்க்கப்பல் ஒன்று புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. ரோட்ஸ் தீவின் லிண்டோஸ் நகரில் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடிக்கப்பட்ட சிற்பத்தின் நகல் இது. அருகே விடுதலையைப் பாடும் வாசகமும் 1945 மே 8 என்ற நாளும் உள்ளன. இலியட் காவியத்திலேயே டிராய் போருக்கு மூன்று கப்பல்களை அனுப்பிய ஊர் சிமி. ஆகவே கப்பல் என்ற தேர்வு பொருத்தமானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லிண்டோஸ் சிற்பம் வெறும் கப்பல் அன்று. அது ஒரு பீடம். அதன்மேல் அகேசாந்தர் என்பவரின் சிலை நின்றது. அவர் பெயரும் கல்லில் பொறிக்கப்பட்டது. சிலை பின்னாளில் மறைந்துவிட்டது. சிமியில் நகல் எடுக்கப்பட்டது அந்த வெறும் பீடமே. மனிதர் நிற்க வேண்டிய இடம் காலியாக உள்ளது.

பனோர்மிட்டிஸ் நினைவுச் சின்னம்

தீவின் தென்மேற்கில், அதிதூதர் மிக்கேலுக்குரிய பனோர்மிட்டிஸ் மடம் உள்ளது. பிரித்தானியப் படையினருக்கு உதவியதற்காக, 1944 பிப்ரவரியில் ஜெர்மானியர் மடத்தின் தலைவர் கிறிசாந்தோஸ் மாருலாகிஸ் உட்பட மூவரைச் சுட்டுக் கொன்றனர். அவர்களுக்கான நினைவுச் சின்னம் மடத்தருகே உள்ளது. நேர்த்திக்கடன் செலுத்த வருவோர் இதைக் கடந்துதான் போகிறார்கள். யாலோஸ் கப்பலில் காலியாக உள்ள இடத்துக்கு உரியவர்கள் இம்மூவரே.

மதிப்பீடு

விடுதலை எல்லோருக்கும் பொது, அதற்குத் தனிப்பெயர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தீவு மக்கள் அனைவரும் பசியையும் அச்சத்தையும் அனுபவித்தவர்களே. எனினும் தண்டனை பொதுவாக வழங்கப்படவில்லை. ஆளைப் பிடித்து, பெயரைக் கேட்டுத்தான் வழங்கப்பட்டது. அப்படியானால் நினைவும் பெயர் சொல்ல வேண்டும்.

கலையழகில் யாலோஸ் கப்பலே மேல். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுப் பழம்பெருமையைக் காட்டும் அது, பதினைந்து மாதங்களுக்கு முன் நடந்த கொலையைப் பற்றி மௌனமாக இருக்கிறது. விடுதலை வந்த நாளைக் கப்பல் சொல்கிறது. அதற்குக் கொடுத்த விலையைப் பனோர்மிட்டிஸ் சொல்கிறது. துறைமுகத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்புபவர் பாதி வரலாற்றை மட்டுமே படித்தவர் ஆவார்.