முதல் அடியும் இரவுத் திருத்தமும்

பெரிய புராணம் பாடத் தொடங்கிய சேக்கிழாருக்குத் தில்லைக் கூத்தன் முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தான் என்பார்கள். கச்சியப்பர் கதை இன்னும் விரிவானது. காஞ்சி குமரகோட்டத்து அர்ச்சகரான அவருக்குக் கந்தபுராணத்தின் முதலடியை முருகன் தந்தான். அதன்பின் அவர் நாளுக்கு நூறு பாட்டு எழுதி, இரவில் சந்நிதியில் வைத்துவிட்டுப் போவார். காலையில் வந்து பார்த்தால் திருத்தம் போட்டிருக்கும். பக்தியை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது: எழுதுகிற கை வேறு, திருத்துகிற கை வேறு. பேனா ஓடாமல் நின்றுபோவது பற்றி மேற்கே நடந்த ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கச்சியப்பர்தான் நினைவுக்கு வருகிறார்.

இந்த முடக்கத்துக்கு 'எழுத்துத் தடை' என்று 1940களில் பெயர் சூட்டியவர், வியன்னாவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த உளப்பகுப்பாய்வாளர் எட்மண்ட் பெர்க்லர். கைக்குழந்தைப் பருவத்தில் தாயிடம் கிடைக்காத பாலுக்கும் வளர்ந்தபின் வராத பக்கத்துக்கும் அவர் முடிச்சுப் போட்டார். பெயர் நிலைத்துவிட்டது, முடிச்சு எனக்குப் பிடிபடவில்லை. 1974இல் டென்னிஸ் அப்பர் என்ற உளவியலாளர் தன் எழுத்துத் தடைக்குத் தானே செய்துகொண்ட சிகிச்சை தோற்ற கதையை ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். தலைப்புக்குக் கீழே வெற்றுத்தாள். எலுமிச்சைச் சாறு தடவியும் எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை என்று மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்பையும் கூடவே அச்சிட்டார்கள். இந்தத் துறையில் நான் விடாமல் படித்து முடித்த ஒரே கட்டுரை அதுதான் என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு.

உருப்படியான வெளிச்சம் கல்வி ஆய்வாளர் மைக் ரோஸிடமிருந்து வந்தது. கலிபோர்னியாவில் பத்து மாணவர்களை உட்கார வைத்துப் பேசி, 1980இல் அதைக் கட்டுரையாக்கினார். ஐந்து பேர் எழுத முடியாமல் திணறுகிறவர்கள். மற்ற ஐவருக்கு அந்தத் தொல்லை இல்லை. திறமையில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. திணறியவர்கள் யாரோ எப்போதோ சொல்லிக் கொடுத்த விதிகளைச் சாசனமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பத்தியிலேயே வாசகனைக் கட்டிப்போட வேண்டும் என்று நம்பிய ஒரு பெண் அந்த முதல் பத்தியைத் தாண்டவே இல்லை. மற்றவர்களிடமும் விதிகள் இருந்தன. உதவாதபோது தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். திணறியவர்களுக்கோ இரவுத் திருத்தக்காரர் பகலிலேயே வந்து தோளுக்குப் பின்னால் நின்றுகொள்கிறார்.

எழுத்துக்கலை ஆசிரியர் பீட்டர் எல்போ 1973லேயே இதற்கு ஒரு கைவைத்தியம் சொல்லியிருந்தார்: பத்து நிமிடம், நிறுத்தாமல், அடிக்காமல், எதுவும் தோன்றாவிட்டால் எதுவும் தோன்றவில்லை என்றே எழுதிக்கொண்டு போவது. உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் அதைவிடக் கறார். 1980களின் தொடக்கத்தில் 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்றாகப் பிரித்தார். ஒரு குழு அவசரம் இருந்தாலொழிய எழுதக்கூடாது. இன்னொன்று மனம் வந்தால் எழுதலாம். மூன்றாவது குழு அன்றாடம் எழுதியே ஆகவேண்டும், தவறினால் தண்டம். கடைசிக் குழு நாளுக்குச் சராசரியாக 3.2 பக்கம் எழுதியது. மனம் வந்தவர்கள் 0.9. குழுவுக்கு ஒன்பதே பேர் என்பதால் இந்த எண்களை வேதமாக்க வேண்டாம். ஆனால் புதிய யோசனைகளும் கட்டாயக் குழுவுக்கே அதிகம் உதித்தன என்பது சிந்திக்க வைக்கிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காரர்களிடம் கேட்டிருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது. அச்சுக்கூடத்துப் பையன் வாசலில் நிற்கும்போது உத்வேகத்துக்குக் காத்திருக்க யாரால் முடியும்?

ஆனாலும் எல்லா மௌனத்தையும் தடைக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. சிறுகதையாசிரியர் மௌனி வாழ்நாளில் தந்தவை இரண்டு டஜன் கதைகள்தான். நடுவில் நெடிய இடைவெளிகள். 'ஒரு புளியமரத்தின் கதை' நாவல் 1966இல் வந்தபின் சுந்தர ராமசாமி சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்தார். 1970களில் திரும்பி வந்தவருடைய கதைமொழி மாறியிருந்தது. இதை நோய் என்பதா, தரிசு போட்ட நிலம் என்பதா? அமெரிக்க இதழாளர் ஜோசப் மிட்செலின் கதை வேறு. 'நியூயார்க்கர்' இதழில் 1964இல் கடைசிக் கட்டுரை வெளிவந்த பிறகு, 1996இல் இறக்கும்வரை அவர் அலுவலகத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். புதிதாக ஒரு கட்டுரையும் அச்சேறவில்லை. வேலைப் பழக்கம் மட்டும் போதும் என்பவர்கள் இவரைத் தாண்டித்தான் போகவேண்டும்.

விதிகளைப் பற்றிப் பேசியதால் கச்சியப்பர் கதையின் பிற்பகுதியையும் சொல்லவேண்டும். அரங்கேற்றத்தன்று முதற்பாட்டின் முதற்சொல்லிலேயே ஒரு புலவர் எழுந்து, இந்தப் புணர்ச்சிக்கு இலக்கணத்தில் விதி ஏது என்று கேட்டுவிட்டார். முருகன் கொடுத்த அடி என்று சொல்லிப் பார்த்தும் சபை ஒப்பவில்லை. அன்றைக்கு அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலைப் பிரித்து, விதி இதோ இருக்கிறது என்று காட்டிய பிறகே இரண்டாம் பாட்டுக்குப் போனார்கள்.